தசையின் சக்தியைத் தேடிய டாக்டர் சுப்பாராவ்

கோல்கொண்டா கோட்டையின் உச்சிக்குப் போக முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அங்கே வரும் சிறுவர்கள் முதல் முப்பது படிகளைத் தாவித் தாவிக் கடந்துவிடுவார்கள். பிறகு தொடை கனக்கும், வேகம் தளரும். ஆரம்பத்தில் இருந்த துள்ளல் எங்கே போயிற்று? இதற்கு விடை காண வழி திறந்தவர்களில் ஒருவர் ஆந்திரத்தில் பிறந்து சென்னையில் படித்த டாக்டர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்று பெயர்.

1895 ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. பள்ளியில் அவர் பெயர் வாங்கிய மாணவர் அல்ல. மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை சென்னை ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்துதான் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் மருத்துவக் கல்லூரி. காந்திஜியின் அழைப்பைக் கேட்டு அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கும் கதர் அங்கியில் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

சில காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1922-ல் மாமனார் செய்த பண உதவியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மனைவி சேஷகிரி ஊரிலேயே தங்கினார். அவர்கள் மறுபடி சந்திக்கவே இல்லை.

பாஸ்டன் நகரில் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வழி தேட வேண்டியிருந்தது. இரவில் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் மலச்சட்டி எடுக்கும் வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. அங்கே பிஸ்கே என்ற பேராசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறையை வகுத்து 1925-ல் வெளியிட்டார். ரசாயனத்தைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். பிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பின்னாளில் உலகெங்கும் ரசாயனச் சாலைகளில் வழங்கியது இதுதான்.

இதே முறையைப் பூனையின் தசையில் பிரயோகித்தபோது ஒரு விசித்திரம் தென்பட்டது. நீலம் உடனே வராமல் மெல்ல மெல்ல ஏறியது. வேறொருவராயிருந்தால் ரசாயனம் கெட்டுப்போயிற்று என்று கொட்டியிருப்பார். இவர்கள் விடவில்லை. அமிலம் பட்டவுடன் சிதைகிற ஏதோ ஒரு பொருளுக்குள் பாஸ்பரஸ் ஒளிந்திருக்கிறது, அது உடைய உடையத்தான் நிறம் ஏறுகிறது என்று கண்டார்கள். அந்தப் பொருள் பாஸ்போகிரியேட்டின். கண்டுபிடிப்பு 1927-ல் வெளிவந்தது.

இது சின்ன விஷயமல்ல. தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அந்நாளில் நம்பினார்கள். அந்த வழியில் தசையை ஆராய்ந்த ஹில், மேயர்ஹாப் இருவருக்கும் 1922-ம் ஆண்டுக்கான நோபல் பரிசும் போயிருந்தது. அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. லாக்டிக் அமிலம் உண்டாகாமலே தசை சுருங்கும் என்று 1930-ல் டென்மார்க் விஞ்ஞானி லுண்ட்ஸ்கார்ட் காட்டியதும் விஷயம் தீர்ந்தது.

1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளையும் பிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதே ஆண்டு அதைக் கண்டார். தசை நாருக்குள் இரண்டு வகை மெல்லிய இழைகள் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைப் பற்றி இழுக்க, தசை சுருங்குகிறது. அந்த இழுப்புக்குக் கூலி ஏ.டி.பி. அதிலுள்ள மூன்று பாஸ்பேட்டில் ஒன்று கழன்றால் சக்தி பிறக்கும். கையிருப்பு சில விநாடிக்குத்தான் காணும். உடனே பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யைப் புதுப்பிக்கிறது. அதுவும் மும்முரமான ஓட்டத்தில் பத்து விநாடி அளவில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்புறம் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துத்தான் தசை வேலை செய்யவேண்டும். அது நிதானமான அடுப்பு. கோட்டைப் படியில் கால் தளருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இத்தனை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, பின்னர் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், யானைக்கால் நோய்க்கு ஹெட்ரசான் மருந்தும், ஆரியோமைசினும் அவர் தலைமையில் நடந்தவை. அவருடைய குழு தந்த அமினோப்டெரினை வைத்துத்தான் பாஸ்டன் டாக்டர் பார்பர் இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்குச் சிகிச்சை தொடங்கினார். ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய்க்குப் போலிக் அமிலம் பயன்பட்டது. சுப்பாராவின் சொந்தச் சகோதரரையே இளவயதில் கொண்டுபோன நோய் அது.

1948 ஆகஸ்டில், 53-வது வயதில், நியூயார்க்கில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. பாடப்புத்தகங்களில் ஏ.டி.பி. தவறாமல் வருகிறது, பக்கத்தில் அவர் பெயர் வருவதுதான் அபூர்வம். 1995-ல் இந்தியத் தபால் இலாகா அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. அதற்கு வெகு காலம் முன்பே ஒரு பூஞ்சணத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள்.