சாலையோர மருத்துவர்

திருத்தணிகை மலையில் முருகனை வணங்கி இறங்கும் மக்களிடையே தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். இவ்வூர் முன்னாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்துச் சிற்றூர்களில் நூறாண்டுகளுக்கு முன் பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவியாகவே கருதப்பட்டது. பேற்றில் சிக்கல் நேர்ந்தால் மருத்துவச்சியின் கைப்பழக்கமே துணை. ஆண் மருத்துவர் அண்மையில் இருந்தாலும் அவரை உள்ளே அழைக்கப் பல குடும்பங்களின் வழக்கம் இடந்தரவில்லை.

அந்நிலையை மாற்ற முனைந்தவர் ஐடா சோபியா ஸ்கடர். அவர் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையும் மருத்துவத் தொண்டர்கள். எனினும், சிறுவயதில் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட ஐடா, அமெரிக்காவிலேயே வாழ விரும்பினார். தாயின் உடல்நலக் குறைவால்தான் 1890இல் தமிழகம் திரும்பினார். விரைவில் போய்விடுவதே அவர் திட்டம்.

ஓர் இரவு அத்திட்டத்தைக் குலைத்தது. திண்டிவனத்தில் அவர்கள் வீட்டுக்கு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். மூவரின் இளம் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடா தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை அவர்கள் ஏற்கவில்லை. பெண் என்பதால் ஐடாவையே அழைத்தனர். அவரோ மருத்துவம் அறியாதவர். மூவரும் வெறுங்கையுடன் திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை. அம்மூவரையும் கொன்றது நோய் மட்டுமன்று என்பது ஐடாவுக்கு விளங்கியது. தாமே மருத்துவராவது என்று அன்று உறுதி கொண்டார்.

அமெரிக்காவில் பயின்று 1899இல் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டு வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். தொடக்கத்தில் மக்கள் தயங்கினர். வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமியே அவருக்கு முதல் உதவியாளராக அமைந்தார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

கருவுற்ற பெண் மாட்டு வண்டியில் பல கல் தொலைவு குலுங்கிவருவது எளிதன்று. எனவே மருத்துவமே ஊரை நாடிச் சென்றது. வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் குறித்த மரநிழல்களில் வண்டி நிற்கும். சுற்றுப்புற ஊரார் அங்கே திரள்வர். பின்னர்ப் பியூஜோ மோட்டார் வண்டி வந்தது. அதன் ஓசை கேட்டு முதலில் மக்கள் அஞ்சி ஓடினராம்!

ஆயினும் ஒருவரால் எத்தனை ஊர்களுக்குச் செல்ல இயலும்? இந்நாட்டுப் பெண்களே செவிலியராகவும் மருத்துவராகவும் ஆகவேண்டும் எனக் கருதினார் ஐடா. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். மாணவியர் மூவராவது சேர்வரோ என்று அரசின் மருத்துவத் தலைமை அலுவலர் ஐயுற்றார். விண்ணப்பங்களோ அதனைப் பன்மடங்கு விஞ்சின. 1922இல் முதல் அணியினர் பதினால்வர் பயிற்சியை நிறைவு செய்தனர். ஒரு பெண் மருத்துவருக்காக ஏங்கிய மாவட்டத்திலிருந்து பதினான்கு பெண் மருத்துவர்கள் புறப்பட்டனர்.

1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அடுத்த மாதம் கொடைக்கானலில் ஐடா மறைந்தார். மாநில எல்லை மாறியபோதும், வேலூர் மருத்துவமனை வாயிலில் தமிழ் பேசும் தாய்மாரும் தெலுங்கு பேசும் தாய்மாரும் ஒருங்கே காத்திருந்தனர்.