ஊரின் பெயரைத் தன் பெயராக்கிய மருத்துவர்
மோரிட்ஸ் கபோசி (1837 – 1902)



ஞாயிற்றுக்குப் பொங்கலிட்டு நன்றி செலுத்தும் மரபிலே வந்தவர்கள் நாம். பயிர் விளைவதும் உயிர் வாழ்வதும் கதிரவனால் என்பதைச் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கின்றோம். ஆனால், அக்கதிரவனின் ஒளியே பகையாகித் தோல் கெட்டு, இளமையிலேயே புற்றுநோய்க்கு ஆளாகும் பிள்ளைகளும் இவ்வுலகில் உள்ளனர். அவர்களுடைய துன்பத்தைத் தனியொரு நோயென இனங்கண்டு, அதற்கு ஒரு பெயரும் சூட்டியவர் மோரிட்ஸ் கபோசி என்னும் மருத்துவப் பேரறிஞர். அவருடைய வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வது நன்று.

ஒஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஹங்கேரி நாட்டிலே, கபோஸ் ஆற்றின் கரையில் கபோஷ்வார் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1837ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 23ஆம் நாள், யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மோரிட்ஸ் கோன். 1856இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கி, 1861இல் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் வியன்னாப் பொது மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்குத் தலைவராக விளங்கியவர் பேர்டினண்ட் ஹெப்ரா. உடலினுள்ளே இரத்தம் கெட்டுப்போவதனாலேயே தோல்நோய்கள் யாவும் தோன்றுகின்றன என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. சொறிசிரங்குக்குக் காரணம் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுயிரே என்பதைத் தம் உடலிலேயே அதனைப் பற்றவிட்டு மெய்ப்பித்தவர் ஹெப்ரா. கண்ணால் கண்டு, சோதித்துப் பார்த்த பின்னரே எதனையும் ஏற்கவேண்டும் என்பது அவருடைய நெறி. அந்நெறியைக் கற்ற மாணாக்கருள் தலைசிறந்தவரானார் நம் இளம் மருத்துவர். தோலின் மேற்புறத்தைப் பார்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. நோயுற்ற தோலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்தார்.

அவர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, 1869இல் ஹெப்ராவின் மகள் மார்த்தாவை மணந்தார். 1871இல் கோன் என்னும் குடும்பப் பெயரைக் கபோசி என மாற்றிக்கொண்டார். கோன் என்ற பெயருடைய மருத்துவர் பலர் வியன்னாவில் இருந்தமையால் ஏற்பட்ட மயக்கத்தைத் தவிர்ப்பதற்காகவே இம்மாற்றம் என்பது அவர் கூறிய காரணம். பெயர் எதுவாகவும் இருந்திருக்கலாம். எனினும் அவர் தேர்ந்துகொண்டது தாம் பிறந்த ஊரின் பெயரையே. ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்தெழுதும் புலவரும் கலைஞரும் எம்மவரிடையேயும் பலர் உளர் அல்லவா? ஊரை விட்டு வந்தவர்க்கு அதன் அருமை நன்கு விளங்கும்.

தலைவரின் மகளை மணந்தமையால் உயர்ந்தவர் என்று சிலர் பேசியதுண்டு. அப்பேச்சுக்கு அவருடைய உழைப்பே விடை கூறியது. தோலிலே தோன்றும் ஒருவகைப் புற்றை 1872இல் அவர் விவரித்தார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. லூப்பஸ் என்னும் நோய் தோலை மட்டுமன்றி உடலின் உள்ளுறுப்புகளையும் தாக்கவல்லது என்பதையும் அதே ஆண்டில் எடுத்துக்காட்டினார். 1880இல் ஹெப்ரா மறைந்தபின், அவர் வகித்த பொறுப்பு கபோசியிடம் வந்தது. அவர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் 150க்கு மேற்பட்டவை.

இனி, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட நோய்க்கு வருவோம். 1874இல் ஹெப்ராவும் கபோசியும் அதனை முதன்முதலாக விவரித்தனர். பிள்ளைகளின் முகத்திலும் காதிலும் கழுத்திலும் கைகளிலும் புள்ளிகள் தோன்றுகின்றன. தோல் உலர்ந்து சுருங்குகின்றது. பின்னர் அவ்விடங்களிலே கட்டிகள் எழுகின்றன. 1882இல் கபோசி இந்நோய்க்குச் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்று பெயரிட்டார். நிறம்பட்ட உலர்தோல் என்பது அதன் பொருள். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் பலரை அது பீடிப்பதையும் அக்காலத்து மருத்துவர் கண்டனர். ஆயினும் நோயின் மூலத்தை அறிவதற்கு வேண்டிய அறிவும் கருவியும் அன்று இருக்கவில்லை. மருந்தும் இருக்கவில்லை. கண்டதைக் கண்டவாறு பிழையின்றி எழுதிவைத்துவிட்டு, 1902ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆம் நாள் கபோசி வியன்னாவில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற வினாவுக்கு விடை வரப் பல்லாண்டுகள் சென்றன. நம் உடல் எண்ணற்ற கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தின் கருவினுள்ளும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. உடலை அமைக்கும் கட்டளைகள் யாவும் அதிலே எழுதப்பட்டுள்ளன. வெயிலில் உள்ள ஊதா கடந்த கதிர்கள் அவ்வெழுத்துகளைச் சிதைக்கின்றன. அடுத்தடுத்து நிற்கும் எழுத்துகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இது நம் எல்லோருக்கும் நிகழ்வதே. ஆனால் கலத்தினுள்ளே புரதங்களாகிய பணியாளர் சிலர் உளர். அவர்கள் கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, எதிரேயுள்ள இணை இழையைப் பார்த்து மீண்டும் சரியாக எழுதிவிடுவர். நீங்கள் கொப்பியில் பிழையாக எழுதிய வரியை அழித்து, புத்தகத்தைப் பார்த்துத் திருத்தி எழுதுவது போன்றது இது.

1968இல் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் கிளீவர் என்னும் ஆய்வாளர், இந்நோயுற்றவர்களின் தோற்கலங்களை ஆராய்ந்து, அவற்றில் இத்திருத்தும் வேலை குறைபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். கபோசியின் முதல் விவரிப்புக்கும் இதற்கும் இடையே 94 ஆண்டுகள்! டி.என்.ஏ. திருத்தப்படும் முறைகளை விளக்கியமைக்காக 2015இல் தோமஸ் லின்டால், போல் மொட்றிச், அசிஸ் சன்ஜார் ஆகிய மூவருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெற்றோர் அறியவேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. இந்நோய் தொற்றுவதன்று, முன்வினைப் பயனுமன்று. தாய், தந்தை இருவரும் நோயின்றி இருந்தும், குறைபாடுள்ள ஒரே பரம்பரை அலகை இருவரும் கொண்டிருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு இந்நோய் வரும் வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவினுள் மணம் செய்யும் சமுதாயங்களில் இத்தகைய நோய்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. எம்மவரிடையேயும் அவ்வழக்கம் உள்ளமையால் இதனை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் வெயில் படாமற் காத்து, உடலை மூடும் உடையணிவித்து, தோலையும் கண்ணையும் இடையறாது பரிசோதித்து வந்தால் அப்பிள்ளைகளின் வாழ்நாளை நீட்டலாம். பகலில் விளையாட வராத பிள்ளையொன்றை நீங்கள் எங்கேனும் காண நேரின், எள்ளாது நட்புக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே! கபோசி தாம் கண்ட நோயைக் குணப்படுத்தினார் அல்லர். அதன் காரணத்தையும் அறிந்தார் அல்லர். ஆயினும் அவர் கூர்ந்து நோக்கி எழுதிவைத்த குறிப்பு இல்லையேல், பின்வந்தோர்க்குத் தேடுவதற்கு ஒரு பொருளே இருந்திராது. விடை கிடைக்கவில்லை என்பதற்காக வினாவைக் கைவிடலாகாது. நீங்களும் காண்பதை உற்றுக் காணுங்கள். கண்டதைச் செவ்வையாக எழுதுங்கள். அதன் பயன் யாருக்கேனும், என்றேனும் சென்று சேரும்.