பிரமிடை அளந்த பெட்ரி

எகிப்து நாட்டிலே, கீசா மணல்மேட்டிலே, ஏறத்தாழ 4,500 ஆண்டுகளாக நிமிர்ந்து நிற்கிறது கூபு மன்னனின் பெரிய பிரமிடு. சுமார் 23 லட்சம் கற்கள்! வெட்டியது மனிதனின் கை. இழுத்தது மனிதனின் தோள். ஆனால் அந்தப் பெருமையை உழைத்தவனுக்குத் தர மனம் வராதவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. ஆண்டவன் அளவு சொல்லிக் கட்ட வைத்தான் என்றது அன்றைய கூட்டம். வேற்றுக் கிரகவாசிகள் வந்து கட்டினார்கள் என்கிறது இன்றைய கூட்டம். உழைத்தவன் மட்டும் இரண்டு கதைகளிலும் இல்லை!

இந்தப் பிரமிடை அளந்து பார்த்த ஒருவரின் வரலாற்றைத் தோழர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். அவர் பெயர் பிளிண்டர்ஸ் பெட்ரி.

1853 ஜூன் 3-ஆம் நாள் லண்டனை அடுத்த சார்ல்டனில் பிறந்தார். நோயாளிப் பிள்ளை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே வளர்ந்தார். நில அளவைக் கலையைத் தந்தையே கற்றுக்கொடுத்தார். மர்மக் கற்கள் என்று பலரும் மயங்கி நின்ற ஸ்டோன்ஹெஞ்சுக்கு இளைஞர் பெட்ரி போனார், மயங்கவில்லை, அளந்தார். கல்லுக்குக் கல் அவர் இட்ட எண்களையே இன்றும் ஆராய்ச்சியாளர்கள் கையாளுகிறார்கள்.

அந்த நாளில் பியாசி ஸ்மித் என்றொருவர் இருந்தார். சாதாரண ஆளல்ல, ஸ்காட்லாந்தின் அரசு வானியலாளர். படித்தவர். அவர் 1864-இல் ஒரு நூல் வெளியிட்டார். பிரமிடு தெய்வீக அளவில் கட்டப்பட்டது. அதற்கென்றே ஒரு பிரமிடு அங்குலம் உண்டு. அடிப்பக்கத்தின் நீளத்தில் ஆண்டின் நாட்கணக்கு அடங்கியிருக்கிறது. உள்வழிகளின் அளவிலே உலகத்தின் வருங்காலமே எழுதப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அவர் வாதம். படித்தவர் சொன்னால் பாமரர் நம்பமாட்டாரா? பெட்ரியின் தந்தையே நம்பினார். அந்த நம்பிக்கை நிறைந்த வீட்டில்தான் மகனும் வளர்ந்தார்.

ஆனால் மகனுக்கு ஒரு வழக்கம் உண்டு. நம்புவதற்கு முன் அளந்துவிட வேண்டும்! தந்தையும் உடன் வருவதாக இருந்தது; வரவில்லை. 1880 டிசம்பரில் 27 வயது இளைஞர் தனியாகக் கீசா போய்ச் சேர்ந்தார்.

விடுதியில் தங்கவில்லை. பாறையில் குடைந்த பழங்கல்லறை ஒன்றைத் துப்புரவு செய்து அதையே வீடாக்கிக்கொண்டார். பேய் வரும், சாபம் பிடிக்கும் என்று பிறர் நடுங்கும் இடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தார், அயர்ந்து தூங்கினார். உதவிக்கு அலி கப்ரி என்ற உள்ளூர்க்காரர். முன்பு ஸ்மித்துக்கும் உதவியவர். புழுக்கம் தாளாமலும், வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் நெருங்காதிருக்கவும் பெட்ரி உள்ளாடையோடு நின்று வேலை செய்தார். சந்தடி ஓய்ந்தபின் இரவிலே உள்ளறைகளை அளந்தார். ஒரு முறை அளந்ததை மறுமுறையும் அளந்தார்.

முடிவு என்ன? ஸ்மித்தின் கணக்கு நிற்க வேண்டுமானால் பிரமிடின் அடிப்பக்கம் ஏறத்தாழ 9,140 அங்குலம் இருந்தாக வேண்டும். பெட்ரியின் அளவிலே கிடைத்தது சுமார் 9,069 அங்குலம். குறை ஏறத்தாழ 6 அடி! ஆறடிப் பள்ளத்தில் விழுந்தது தெய்வீகக் கணக்கு. 1883-இல் அளவுகள் அத்தனையும் நூலாக வெளிவந்தன. தந்தை போற்றிய கொள்கை தனயன் கையாலேயே தகர்ந்தது. எளிதான காரியமா அது?

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. கல்லிலே புடைத்திருந்த ஒரு பகுதி, கொள்கை சொன்ன அளவுக்குப் பொருந்தவில்லை. பற்றாளர் ஒருவர் அரத்தை எடுத்துக் கல்லையே தேய்க்கப் புறப்பட்டுவிட்டார். பெட்ரி அதைக் கண்டார். கொள்கையைத் திருத்தவில்லை, கல்லைத் திருத்தினார்கள்! மூடநம்பிக்கையின் முறை எங்கும் இதுதான்.

பின்னர் எகிப்தெங்கும் தோண்டினார் பெட்ரி. பிறர் பொன்னைத் தேடியபோது இவர் உடைந்த பானை ஓட்டைப் பொறுக்கினார். ஓடுகளை வரிசைப்படுத்திக் காலத்தைக் கணித்தார். தோண்டிய தொழிலாளி கண்டெடுத்த பொருளுக்குத் தனியே காசு கொடுத்தார். பொருள் கள்ளச் சந்தைக்குப் போகாமல் ஆராய்ச்சிக்கு வந்தது. 1892-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார்.

குறையையும் மறைக்கமாட்டோம். கல்லை அளந்து பொய்யை வென்ற அதே மனிதர், மனிதனை அளக்கப் போனபோது தவறினார். உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்ற கொள்கைக்கு இரையானார். எகிப்திய நாகரிகத்தை வெளியிலிருந்து வந்த ஓர் உயர்ந்த இனம் கொணர்ந்தது என்று நம்பினார். பிறப்பிலே உயர்வு தாழ்வு பேசும் அந்தப் பொய்க்கு மட்டும் அவர் அளவுகோல் வைக்கவில்லை. ஐயம் என்பது அடுத்தவன் கொள்கைக்கு மட்டும் உரிய மருந்தல்ல; நம் நெஞ்சுக்கும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே பாடம்.

1942 ஜூலை 28-இல் எருசலேமில் மறைந்தார் பெட்ரி. அவர் தொடங்கியதைப் பிறர் தொடர்ந்தனர். 1990-இல் பிரமிடு அருகிலேயே அதைக் கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்புகள்; முறிந்து, கட்டுப்போட்டு, மீண்டும் கூடிய கைகால்கள்! 2013-இல் செங்கடற் கரையிலே வாடி அல்-ஜர்ப் என்னுமிடத்தில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. மேரர் என்ற மேற்பார்வையாளர், தம் ஆட்களோடு தூராவிலிருந்து படகிலே சுண்ணாம்புக்கல் ஏற்றிக் கீசாவில் இறக்கிய அன்றாடக் கணக்கு அது.

தேவனுடைய கையெழுத்து கிடைக்கவில்லை, தோழர்களே! கிடைத்தது தொழிலாளியின் வருகைக் கணக்கு. மர்மம் என்று எவனாவது சொன்னால், மண்டியிட வேண்டாம்; அளவுகோலை எடுங்கள். அளக்க அளக்க, மறைத்து வைக்கப்பட்ட உழைப்பாளியின் முகமே அங்கே தெரியும்.