மான் துப்பாக்கியும் போட்டி ஸ்கோப்பும்... யார் இந்த கார்லோஸ் ஹாத்காக்?

மான் வேட்டைக்காரர்களின் ஃபேவரைட், வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள். அதன் மேல், குறிசுடும் போட்டிகளில் பயன்படும் அன்எர்ட்ல் ஸ்கோப்; 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நீளமான, ஒல்லிக் குழாய். வியட்நாம் போரில் அமெரிக்க மரைன் கார்லோஸ் ஹாத்காக் நம்பியது இந்த ஜோடியைத்தான்.

1942-ல் ஆர்கன்சாவில் பிறந்தவர். வீட்டில் வறுமை. சின்ன வயசுலயே வேட்டையாடிக் கறி கொண்டுவருவார். 17 வயதில் ராணுவம். 1965-ல் 1,000 கஜ தூரத்தில் சுடும் விம்பிள்டன் கோப்பையை (டென்னிஸ் இல்லீங்க!) ஜெயித்தார்.

அந்த ஸ்கோப்பில் ஒரு தொல்லை உண்டு. சுட்ட அதிர்வில் குழாய் முன்னால் நழுவிடும். கையால் பின்னுக்கு இழுத்துவிட்டுத்தான் அடுத்த குண்டு. போட்டி மைதானத்தில் ஓகே, எதிரி தேடிக்கிட்டிருக்கும் காட்டுல? முதல் குண்டிலேயே வேலை முடியணும்.

1967-ல் அதே கம்பெனி ஸ்கோப்பை இயந்திரத் துப்பாக்கியில் மாட்டி, 2,286 மீட்டருக்கு அப்பால் இருந்தவரை வீழ்த்தினார். 2002 வரை அதை யாரும் தாண்டலை. மொத்தக் கணக்கு, உறுதியானது மட்டும் 93 உயிர்கள். கைதட்ட மனசு வரலைதான்.

1969-ல் அவர் போன கவச வண்டி கண்ணிவெடியில் சிக்கித் தீப்பிடித்தது. உடம்பு வெந்துகொண்டிருக்க, 7 வீரர்களை வெளியே இழுத்துப் போட்டார். சில்வர் ஸ்டார் பதக்கம் கிடைத்தது இதற்குத்தான், அதுவும் 1996-ல். அதற்குள் நரம்பு நோய் அவரை முடக்கியிருந்தது. 1999-ல் இறந்துபோனார்.