கோதீர்த்தத்து மோக்ஷமூலர்

உத்ஸவ காலங்களில் திருவீதிப் புறப்பாட்டை ஸேவிக்கும் அன்பர்கள் ஒரு முறையைக் கவனித்திருப்பார்கள். எம்பெருமானுக்கு முன்னே திவ்ய பிரபந்த கோஷ்டி எழுந்தருளும். பின்னே வேத பாராயண கோஷ்டி வரும். இரு கோஷ்டியாரின் கைகளிலும் ஏடு இராது. ஆசார்யன் திருவாயிலிருந்து சிஷ்யன் செவிக்கு வந்து, நெஞ்சில் தங்கிய சொல்லே வீதியில் ஒலிக்கின்றது. அங்ஙனம் பின்னே வரும் வேதத்தை, இந்நாட்டு வீதி ஒன்றில் நின்று ஒருநாளும் கேளாமல், ஏட்டில் மட்டுமே கண்டு, அதனை அச்சேற்றுவதற்கே 25 ஆண்டுகளைச் செலவிட்ட மேனாட்டறிஞர் ஒருவர் இருந்தார். உலகத்து மதங்களை ஒன்றோடொன்று ஒப்பவைத்து ஆராயும் துறைக்கு அடிகோலியவர்களில் முதன்மையானவர் அவர். மாக்ஸ் முல்லர் என்று உலகம் அறிந்த அவர், ஸம்ஸ்கிருதத்தில் தம்மை மோக்ஷமூலர் என்று குறித்துக் கொண்டார்.

ஜெர்மனியில் தெஸ்ஸாவ் என்னும் சிறு தலைநகரில் 1823 டிசம்பர் 6 அன்று அவர் பிறந்தார். தந்தை வில்ஹெல்ம் முல்லர் பெயர்பெற்ற கவிஞர். மகனுக்கு நான்கு வயது நிரம்புமுன்னே அவர் காலமாகிவிட, தாயார் வறுமையிலேயே பிள்ளையை வளர்த்தார். லைப்சிக் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஸம்ஸ்கிருதம் கற்கத் தொடங்கிய இளைஞர், 1843ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, மறு ஆண்டே ஹிதோபதேசத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். பின்பு பெர்லினிலும், 1845 முதல் பாரிஸிலும் கல்வி தொடர்ந்தது. பாரிஸில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் யூஜீன் பர்னூஃப். ருக்வேதத்தை ஸாயணருடைய பாஷ்யத்தோடு முழுமையாகப் பதிப்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஊட்டியவர் அவரே. மூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உரையை ஒதுக்குவது தகாது என்று அந்த ஆசிரியர் கொண்ட முடிவு, உரை வழியே மூலத்தைக் கற்கும் நம் குருகுல முறைக்கு ஒத்ததே.

பாரிஸில் நிகழ்ந்த ஒரு சம்பவம் அவர் வாழ்க்கையை அறிவதற்கு மிகவும் வேண்டியது. வங்காளத்துப் பிரபு த்வாரகாநாத தாகூர் அப்போது அந்நகரில் தங்கியிருந்தார். அவர் இத்தாலிய கீதங்களைப் பாட, முல்லர் பியானோ வாசிப்பது வழக்கம். ஒருநாள் முல்லர், உண்மையான இந்திய கானம் ஒன்றைப் பாடிக் காட்டும்படி வேண்டினார். தாகூர் தயங்கித் தயங்கிப் பாடினார். கேட்டு முடித்த முல்லர், அதில் ராகமோ தாளமோ இனிமையோ தமக்குப் புலப்படவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தாகூருக்கு வருத்தம் உண்டாயிற்று. மேனாட்டார் யாவரும் ஒரே விதம், புதியதாய் எது எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள் என்றார். இத்தாலிய ஸங்கீதத்தை முதலில் கேட்டபோது தமக்கும் அது ஸங்கீதமாகவே தோன்றவில்லை என்றும், விடாமல் கேட்டுக் கேட்டே அதன் சுவையை அறிந்ததாகவும் கூறி, இந்தியாவின் மதம் மதமன்று, கவிதை கவிதையன்று என்று தள்ளுவதும் இதே குறைதான் என்று இடித்துரைத்தார். முதுமையில் தம் இந்திய நண்பர்களைப் பற்றி எழுதியபோது முல்லரே இதனைப் பதிவு செய்தார். தம்மைக் கடிந்த சொல்லை அரை நூற்றாண்டு நெஞ்சில் வைத்திருந்து தம் கையாலேயே எழுதியது அவருக்குப் பெருமையே.

பிரதிகளைத் தேடி 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்றார். பதிப்புச் செலவை ஏற்கக் கிழக்கிந்தியக் கம்பெனி 1847ஆம் ஆண்டில் இசைந்தது. அச்சு வேலை ஆக்ஸ்போர்டில் நடைபெற்றதால் மறு ஆண்டு அவ்வூருக்கே குடிபெயர்ந்து, வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்கிவிட்டார். எருது இறங்கும் துறை என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். அதனைக் கோதீர்த்தம் என்று ஸம்ஸ்கிருதமாக்கித் தம் பதிப்பின் முகப்பில் பொறித்தார். முதல் தொகுதி 1849ஆம் ஆண்டிலும், ஆறாவதான இறுதித் தொகுதி 1874ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஸாயணர் விஜயநகர ராஜ்யத்தில் மந்திரியாயிருந்து பாஷ்யம் செய்தவர். அவர் உரை முழுவதும் ஸ்வரக் குறிகளோடு கூடிய மூலத்துடன் ஒருசேர அச்சில் வந்தது அதுவே முதல் முறை. இரண்டாம் பதிப்பு 1890 முதல் 1892 வரை வந்தபோது, அதற்கான பொருளுதவியைச் செய்தவர் விஜயநகரம் மஹாராஜா. இது தெலுங்கு நாட்டு விஜயநகரம். ஸாயணருடைய விஜயநகரம் வேறு.

இவ்வளவு செய்தவருக்கு அவ்வூரில் கிடைத்த மரியாதை கலப்பானதே. ஆக்ஸ்போர்டின் ஸம்ஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்கு 1860ஆம் ஆண்டில் தேர்தல் நடந்தது. பட்டதாரிகள் வாக்களித்தார்கள், அவர்களுள் பாதிரிமார் மிகப் பலர். இந்தியர்களைக் கிறிஸ்தவத்துக்குத் திருப்புவதற்கு உதவியாக நிறுவப்பட்ட பீடம் அது. அந்நியராகவும், மத விஷயத்தில் தாராளக் கொள்கையுடையவராகவும் இருந்த முல்லருக்கு 610 வாக்குகளும், எதிர்நின்ற மானியர் வில்லியம்ஸுக்கு 833 வாக்குகளும் கிடைத்தன. அத்தோல்வி அவரை மிகவும் வருத்தியது. எனினும் அதுவே அவரை ஸம்ஸ்கிருதத்தோடு நில்லாமல் உலகத்து மதங்கள் யாவற்றின்பாலும் திருப்பியது என்று கருத இடமுண்டு. 1870ஆம் ஆண்டில் லண்டனில் மத விஞ்ஞானம் என்னும் பொருள் பற்றி நான்கு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஒரே மொழியை அறிந்தவன் மொழியின் இயல்பை அறியான்; ஒரே மதத்தை அறிந்தவனும் அவ்வாறே என்பது அவற்றின் ஸாரம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேதத்துக்கு உழைத்தவர் ஆதலால் அவரை வைதிகராகவே கொண்டாடுவோர் உண்டு. அது முழு உண்மையன்று. வேத ஸூக்தங்களில் பல சிறுபிள்ளைத்தனமானவை என்று அவர் எழுதினார். வேதத்தின் வேரைக் காட்டிவிட்டால் அதன்மேல் வளர்ந்த மதம் தானே சாயும் என்ற நம்பிக்கையை 1860களில் கடிதங்களில் வெளியிட்டார். அவர் மறைந்தபின் 1902ஆம் ஆண்டில் அவர் மனைவியார் அக்கடிதங்களை அச்சிட்டார். 1873 டிசம்பரில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பேசியபோது, சிவனையும் விஷ்ணுவையும் வழிபடும் மதம் உயிர் ஒடுங்கிப்போன ஒன்று என்னும் கருத்தையே தெரிவித்தார். ஒரு பிரம்மோத்ஸவத்தையேனும் ஒரு கருட ஸேவையையேனும் கண்ணால் கண்டவர் அவ்வாறு பேசியிருக்க மாட்டார். இதற்கு மறுப்பு எழுதியவர் ஓர் இந்தியரல்லர். இந்தியாவில் அதிகாரியாயிருந்த ஆல்ஃபிரட் லயல் என்னும் ஆங்கிலேயர். இம்மதம் உயிரோடு வளர்ந்து புதியவர்களையும் தன்னுள் சேர்த்துக் கொண்டு வருவதைத் தாம் நேரில் காண்பதாக அவர் 1874ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். ஏட்டைக் கண்டவருக்கும் ஊரைக் கண்டவருக்கும் உள்ள பேதம் இது.

முல்லர் அந்நிலையிலேயே நின்றுவிடவில்லை. 1882ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில், இந்திய உத்தியோகத்துக்குச் செல்லவிருந்த இளைஞர்களுக்கு, இந்தியா மேனாட்டாருக்குக் கற்பிக்கக் கூடியது என்ன என்பதைப் பற்றிப் பேசினார். ஏடுகள் யாவும் அழிந்தாலும் ச்ரோத்ரியர்களின் கண்டத்திலிருந்து வேதத்தை மீண்டும் பெற்றுவிடலாம் என்று வியந்தார். வாழ்நாளெல்லாம் ஏடுகளை ஒப்புநோக்கியவர் வாயில் அச்சொல் வந்தது சிறிய விஷயமன்று. ருக்வேதத்தின் காலத்தை முதலில் தாமே ஓர் அளவில் நிறுத்தியவர், பின்னாளில் அதனை உறுதியாக வரையறுக்க எவராலும் இயலாது என்று ஒப்புக்கொண்டதும் அத்தகையதே.

அவருடைய பெரும் பணி கீழ்நாட்டுப் புனித நூல்கள் என்னும் வரிசை. 1879ஆம் ஆண்டில் உபநிஷத்துக்களோடு தொடங்கி, 1910ஆம் ஆண்டில் அட்டவணையோடு முடிந்த 50 தொகுதிகள் அவை. வைதிக நூல்களோடு பௌத்த, ஜைன, பார்ஸி, சீன நூல்களும் குர்ஆனும் ஒரே வரிசையில் ஆங்கிலத்தில் வந்தன. 1882ஆம் ஆண்டில் வந்த பகவத்கீதையைப் பெயர்த்தவர் காசிநாத த்ரயம்பக தெலாங். விவிலியத்தையும் அவ்வரிசையில் சேர்க்கவே முல்லர் விரும்பினார். ஆக்ஸ்போர்டில் எழுந்த எதிர்ப்பால் அது கைகூடவில்லை. பிற மதத்தார் நூல்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம், தம் நூலை மட்டும் அங்கே வைக்கலாகாது என்பது அவர்கள் எண்ணம் போலும். 1891ஆம் ஆண்டில் க்லாஸ்கோ நகரத்துப் பாதிரிமார் சிலர், அவருடைய பிரசங்கங்கள் கிறிஸ்தவ விசுவாசத்தையே குலைப்பதாகக் குற்றம் சாட்டினார்கள், அம்முயற்சி பலிக்கவில்லை. இருபுறத்தாராலும் ஐயுறப்பட்டவர் அவர்.

அவ்வரிசையில் ஸ்ரீவைஷ்ணவர்கள் சிறப்பாக அறியத்தக்கது 48ஆம் தொகுதி. எம்பெருமானாரின் ஸ்ரீபாஷ்யம் முழுவதையும் ஜார்ஜ் தீபோ ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 1904ஆம் ஆண்டில் வெளிவந்தது. தீபோ முல்லரிடம் உதவியாளராயிருந்து, பின்பு காசி ஸம்ஸ்கிருதக் கல்லூரியில் பேராசிரியரானவர். சங்கர பாஷ்யத்தை முன்னமே பெயர்த்து, அதன் முகவுரையிலேயே, பிரம்மத்தை இருவகையாகப் பிரிப்பதும் ஜகத்தை மாயை என்பதும் ஸூத்திரங்களில் தெளிவாகக் காணப்படவில்லை என்றும், பல இடங்களில் ராமாநுஜருடைய வியாக்கியானமே ஸூத்திரகாரரின் கருத்தை ஒட்டியது என்றும் எழுதியிருந்தார். உபநிஷத்துக்களின் விஷயத்தில் சங்கரருக்கே அதிக இடம் தந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். முல்லருடைய மனச்சாய்வும் அத்வைதத்தின் பக்கமே. ஆயினும் மாறான முடிவு தம் வரிசையிலேயே அச்சாவதை அவர் தடுக்கவில்லை.

இந்திரன், அக்னி, வருணன் என்று எந்தத் தேவதையைத் துதிக்கும்போதும் அத்தேவதையையே பரமாகச் சொல்லும் வேதத்தின் வழக்கத்தை அவர் கூர்ந்து கண்டு, அதற்கென ஒரு பெயரையும் படைத்தார். அது ஏன் அப்படி என்பதற்கு அவர் காட்டிய காரணம் மனிதருடைய மன வளர்ச்சி. எல்லாச் சொற்களும் அந்தர்யாமியான நாராயணனிடமே முடிகின்றன என்று சரீராத்ம பாவத்தால் உடையவர் காட்டிய விடையை அதனருகில் வைத்துப் பார்ப்பது, மதங்களை ஒப்பிட்டு ஆராய்வோர் இன்னும் நன்கு செய்யவேண்டிய வேலை.

மற்றொரு குறை அதனினும் பெரிது. அந்த 50 தொகுதிகளில் பாலி உண்டு, பிராகிருதம் உண்டு, சீனம் உண்டு, அரபி உண்டு; தமிழ் இல்லை. வேதத்துக்கு நிகராக ஒரு ஸம்பிரதாயம் முழுவதும் ஓதிவந்த நாலாயிரத்துக்கு அங்கே இடமில்லை. தமிழ் அறிந்தவர் அவ்வூரில் இல்லாமலும் இல்லை. ஜி. யு. போப் 1884 முதல் ஆக்ஸ்போர்டிலேயே தமிழ் கற்பித்தார். அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பு 1900ஆம் ஆண்டில், புனித நூல் வரிசையை அச்சிட்ட அதே அச்சகத்தில் வெளிவந்தது. பழமையிலேயே மதத்தின் தூய்மை உண்டு, பின்வந்தவை தேய்வு என்ற எண்ணம் முல்லரிடம் கடைசிவரை முற்றும் நீங்கவில்லை. அவ்வெண்ணத்துக்கு ஆழ்வார்களின் ஈரச்சொல் எட்டவில்லை.

1900 அக்டோபர் 28 அன்று முல்லர் ஆக்ஸ்போர்டில் காலமானார். அவருடைய நூலகம் டோக்கியோ நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்து, 1923ஆம் ஆண்டு பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில் சாம்பலாயிற்று. பாசுரங்களில் சில, ஹூப்பர் என்பவரால் ஆங்கிலமாகி 1929ஆம் ஆண்டில் வந்தன. திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படியை ஆராய்ந்து, ஜான் கார்மனும் வஸுதா நாராயணனும் எழுதிய நூல் 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் தமிழ் வேதம்.