ஸ்டாம்ப் காசு, சார்ட்டர் ஃப்ளைட், ஒரு பிரீமியர்

கூகுள் மேப்ஸ்ல நியூசிலாந்தைக் கண்டுபிடிங்க. அங்கிருந்து வடகிழக்குப் பக்கமா ஒரு 3,000 கிலோமீட்டர் நகருங்க. வெறும் தண்ணிதானே இருக்குன்னு தோணுற இடத்துல நிறுத்தி ஜூம் பண்ணுங்க. இன்னும் ஜூம் பண்ணுங்க. புள்ளி புள்ளியா தெரியுதா? அதுதான் குக் தீவுகள். 15 தீவுகளையும் சேர்த்தாலே நிலப்பரப்பு சுமார் 240 சதுர கிலோமீட்டர்தான். ஆனா அந்தப் புள்ளிகளைச் சுத்தி அவங்களுக்குச் சொந்தமான கடல், கிட்டத்தட்ட 20 லட்சம் சதுர கிலோமீட்டர்.

இந்தக் குட்டி நாட்டை முதன்முதலா ஆண்டவர் ஆல்பர்ட் ஹென்றி. ஒரு எலெக்‌ஷன்ல ஜெயிச்சும் கோர்ட் தீர்ப்பால பதவியை இழந்தவர். அவரைப் பத்தித்தான் இந்த முறை எழுதப் போறேன்.

1907-ல் ஐட்டுடாகி என்ற தீவில் பிறந்தார். அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே, 1901-ல், குக் தீவுகள் நியூசிலாந்தின் கைக்குப் போயிருந்தது. ஆக்லாந்தில் போய்ப் படித்துவிட்டு, ஊர் திரும்பி வாத்தியார் ஆனார். ஆனா 1942-ல் குடும்பத்தோடு மறுபடியும் நியூசிலாந்துக்கே போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை. குக் தீவுகள் முற்போக்குச் சங்கத்துக்காக அங்கிருந்தே வேலை செய்தார். தீவில் கப்பலுக்குச் சரக்கு ஏத்தி இறக்குற தொழிலாளிகளின் கூலிதான் அப்போது பெரிய சண்டை. விளைஞ்ச ஆரஞ்சு கப்பல் வராமல் அழுகும். கப்பல் வந்தா கூலி கம்மி. இந்தக் கோபத்தை அரசியலா மாத்தத் தெரிஞ்சவர் ஹென்றி.

இப்போ 1960-களுக்கு வந்துடலாம். உலகம் முழுக்கக் காலனிகளை விட்டு வெளியேறுற காலம். ஐ.நா. கேள்வி கேட்க ஆரம்பிக்க, நியூசிலாந்தும் குக் தீவுகள் முன்னாடி சில வழிகளை வைத்தது: முழு சுதந்திரம், நியூசிலாந்தோடு இணைப்பு, பக்கத்துத் தீவுகளோடு கூட்டாட்சி, இல்லைன்னா சுயாட்சி. அவங்க எடுத்தது கடைசி வழி. உள்ளூர் ஆட்சி முழுக்க அவங்க கையில். பாதுகாப்புக்கு நியூசிலாந்து பொறுப்பு. எல்லாரும் நியூசிலாந்துக் குடிமக்களாவே தொடரலாம். கடைசியா சொன்ன இந்தக் குடியுரிமை விஷயத்தை மறந்துடாதீங்க, கதை பின்னாடி அங்கேதான் வந்து நிக்கும்.

1964-ல் ஹென்றி ஊர் திரும்பி குக் தீவுகள் கட்சியைத் தொடங்கினார். ஆனா ஒரு சிக்கல். தேர்தல்ல நிக்கணும்னா மூணு வருஷம் தீவில் குடியிருந்திருக்கணும். இவரோ 22 வருஷம் வெளியில இருந்துட்டு வந்தவர். அதனால 1965 ஏப்ரல் தேர்தல்ல தலைவர் பேர் ஓட்டுச் சீட்டுலயே இல்லை. ஐ.நா. பார்வையாளர்கள் வந்து உட்கார்ந்து பார்த்த தேர்தல் அது. மொத்தம் 22 இடம். ஹென்றி கட்சிக்கு 14. ஜெயிச்சவங்க முதல் வேலையா அந்தக் குடியிருப்பு விதியைத் தளர்த்த வைத்தாங்க. ஹென்றியின் தங்கை மார்கரிட் ஸ்டோரி தான் ஜெயிச்ச இடத்தை ராஜினாமா செய்ய, இடைத்தேர்தல்ல அண்ணன் ஜெயிச்சு உள்ளே வந்தார். 1965 ஆகஸ்ட் 4, சுயாட்சி தொடங்கியது. ஆல்பர்ட் ஹென்றி முதல் பிரீமியர். இடத்தை விட்டுக்கொடுத்த தங்கை பிறகு சபாநாயகர் ஆனார். குடும்ப அரசியல்னு நீங்க முணுமுணுக்கிறது கேக்குது. ஆமாம், சொந்தக்காரங்களுக்குப் பதவி கொடுக்கிறார்னு அப்பவே அங்கே பேச்சு இருந்தது.

ஆனா அந்த ஆளோட நிலைமையையும் பாருங்க. மொத்தமா 20 ஆயிரம் பேர். தீவுக்கும் தீவுக்கும் நடுவுல நூத்துக்கணக்கான கிலோமீட்டர் கடல். பெரிய தொழிற்சாலை கிடையாது, கனிமம் கிடையாது. இப்படிப்பட்ட நாடு எதை வித்துச் சம்பாதிக்கும்? ஸ்டாம்ப்! சிரிக்காதீங்க, நிஜமாத்தான். உலகம் முழுக்க இருக்குற ஸ்டாம்ப் சேகரிப்பவர்களுக்காக, ஃபின்பார் கென்னி என்ற அமெரிக்க வியாபாரியோடு சேர்ந்து அழகழகான தபால்தலை வெளியிட்டாங்க. அந்தத் தபால்தலைல பெரும்பாலானது எந்தக் கடிதத்து மேலயும் ஒட்டப்படாது, நேரா ஆல்பத்துக்குள்ள போய்டும். தபால் சேவை எதுவும் செய்யாமலே காசு. என்னைக் கேட்டா, வளமில்லாத நாட்டுக்கு இது ரொம்ப புத்திசாலித்தனமான பிசினஸ்.

அடுத்தது ஏர்போர்ட். ரரோட்டோங்காவில் பெரிய ஜெட் விமானம் இறங்குற சர்வதேச விமான நிலையத்தை 1974 ஜனவரியில் எலிசபெத் ராணியே வந்து திறந்துவைத்தார். அதே பயணத்தில் ஹென்றிக்கு சர் பட்டம். அவர் வாழ்க்கையின் உச்சம்னா அந்த நாள்தான்.

ஏர்போர்ட் திறந்தா டூரிஸ்ட் வருவாங்கன்னு கணக்கு. வந்தாங்க. ஆனா ஓடுபாதைக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல? கையில் நியூசிலாந்து பாஸ்போர்ட், அங்கே நல்ல சம்பளத்தில் வேலை, இங்கே வாசல்லயே விமானம். ஜனங்க கிளம்பிட்டாங்க. 1971-ல் 21 ஆயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1976-ல் 18 ஆயிரத்துக்குப் பக்கம் வந்துடுச்சு. நாட்டை உலகத்தோடு இணைச்சவர், அதே இணைப்பு வழியா ஓட்டர்களை இழந்துட்டிருந்தார்.

எதிரில் நின்னவரும் லேசான ஆள் இல்லை. ஜனநாயகக் கட்சியின் டாம் டேவிஸ் ஒரு டாக்டர். 1952-ல் ஹார்வர்டில் படிக்கப் போகணும்னு நியூசிலாந்திலிருந்து பாய்மரப் படகிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்த மனுஷன்! அவரைப் பத்தித் தனியா ஒரு கட்டுரையே எழுதலாம்.

1978 மார்ச் 30 தேர்தல். வெளிநாட்டில் இருக்குறவங்க தபால்ல ஓட்டுப் போட முடியாது, நேர்ல வந்தாகணும். ஒவ்வொரு தொகுதியிலும் சில நூறு ஓட்டுதான் என்பதால் ஒரு விமானம் நிறைய ஆள் வந்தாலே முடிவு மாறிடும். ரெண்டு கட்சியும் நியூசிலாந்திலிருந்து ஆதரவாளர்களைக் கூட்டிட்டு வந்தாங்க. இங்கே கவனிங்க: விமானத்தில் வந்தது குற்றமே இல்லை. டேவிஸ் ஆட்கள் தங்கள் டிக்கெட்டுக்குத் தாங்களே காசு கொடுத்து வந்தாங்க. ஹென்றி கட்சியின் சார்ட்டர் ஃப்ளைட்டில் வந்த நூத்துக்கணக்கானவர்களுக்கு டிக்கெட் கிட்டத்தட்ட ஓசி. அந்தக் காசு எங்கிருந்து வந்தது? ஸ்டாம்ப்ல இருந்து. அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய தபால்தலை வருமானத்தின் பேரில் 3 லட்சத்து 37 ஆயிரம் நியூசிலாந்து டாலரைக் கென்னி முன்பணமாகக் கொடுக்க, அது சுத்தி வளைஞ்சு விமானக் கட்டணமா மாறியது.

ஹென்றி ஜெயிச்சார். 22-ல் 15 இடம். ஆனா எதிர்க்கட்சி கோர்ட்டுக்குப் போனது. ஜூலையில் தலைமை நீதிபதி கேவன் டோன் தீர்ப்பு சொன்னார்: அரசுப் பணத்தில் வரவழைக்கப்பட்டவர்களின் ஓட்டு செல்லாது. அந்த ஓட்டுகளைக் கழிச்சதும் கணக்கு தலைகீழ். ஒரே நாளில் ஹென்றி வெளியே, டேவிஸ் பிரீமியர். கலவரம் இல்லை, துப்பாக்கி இல்லை. 13 வருஷம் ஆண்டவர் ஒரு தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு இறங்கினார். அவர் கணக்கில் இதையும் சேர்த்துத்தான் எழுதணும்னு எனக்குத் தோணுது.

1979-ல் ஹென்றி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம், கூடவே அரசியலில் இருந்து விலக்கு. 1980-ல் ராணி கொடுத்த சர் பட்டம் பறிக்கப்பட்டது. 1981 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். அமெரிக்காவில் கென்னியின் நிறுவனமும் தப்பவில்லை. வெளிநாட்டு அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்க 1977-ல் அங்கே கொண்டுவந்த சட்டத்தின் ஆரம்பகால வழக்குகளில் இது ஒன்று. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 ஆயிரம் டாலர் அபராதம் கட்டியது. நாளைக்கு நீங்க ஒரு மல்டிநேஷனல் கம்பெனியில் சேர்ந்து லஞ்ச ஒழிப்பு ட்ரெயினிங் வீடியோவை ஸ்கிப் பண்ண முடியாம உட்கார்ந்திருந்தா, அது பெரும்பாலும் இந்தச் சட்டத்தைப் பத்தித்தான் இருக்கும்.

தீவுக்காரங்க அவரை ஒதுக்கிடலை. 1983-ல் அவர் கட்சி மறுபடி ஜெயிச்சு, உறவினர் ஜெஃப்ரி ஹென்றி பிரதமரானார். வெளிநாட்டில் இருக்குறவங்களுக்காகவே நாடாளுமன்றத்தில் தனியா ஒரு இடம்கூடக் கொஞ்ச காலம் இருந்தது. 2023-ல் அரசு அவருக்கு அதிகாரபூர்வமா மன்னிப்பு வழங்கியது.

தலைநகர் அவருவாவில் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர் மார்பளவுச் சிலை இருக்கு. அந்தச் சிலைக்கு அவருடைய நிஜக் கண்ணாடியையே மாட்டி, கழுத்தில் மாலை போட்டு வைத்திருக்காங்க.