எழுத்தறிந்து சொல் தேடத் துணைநின்ற வீரமாமுனிவர்

ஆங்கில எழுத்துகள் சிலவற்றைக் கொடுத்து, அவை அமைந்த சொற்களைக் கண்டுபிடிக்கச் செய்யும் விளையாட்டில் நம் மாணவர் பெருவிருப்புடையர். முதலெழுத்துத் தெரிந்தவனுக்கு அகராதி கைகொடுக்கும். இடையெழுத்தோ ஈற்றெழுத்தோ மட்டுந் தெரிந்தவன் என் செய்வான்? ஆங்கிலச் சொற்களை ஈற்றெழுத்திலிருந்து பின்னோக்கி நிரல்படுத்திய நூலொன்றை ஜோன் வாக்கர் என்பார் 1775ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் பிறந்த ஆண்டு 1732. அதே ஆண்டில், தமிழுக்கு அதனையொத்த கருவியொன்றை ஆக்கி முடித்தவர் வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்த இவர்தம் இயற்பெயர் கொன்ஸ்தந்தீனோ யோசேப்பு பெஸ்கி. 1698இல் இயேசு சபையிற் சேர்ந்து, 1710இல் கோவாவில் வந்திறங்கி, அடுத்த ஆண்டில் மதுரை மிசனை அடைந்தார். முப்பது வயதுக்குமேல் தமிழ் நெடுங்கணக்கைத் தொடங்கியவர், 1726இல் தேம்பாவணியை 3,615 பாடல்களாற் பாடி முடித்தார். சமயம் வேறாயினும் இவ்வுழைப்பை வியவாதார் யார்?

அக்காலத்தில் தமிழ்ச்சொற் பொருளறிய விரும்பியோர் திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளை இளமையிலேயே மனனஞ் செய்தல் வேண்டும். ஆசிரியரை அடுத்துக் கற்கும் வாய்ப்பில்லாதவனுக்குச் சொற்களஞ்சியம் பூட்டிய வீடே. காலங்கடந்து கற்கத் தொடங்கிய முனிவருக்கு அப்பூட்டின் வலிமை நன்கு தெரிந்திருக்குமென யாம் கருதுகின்றோம். 1594இல் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் காட்டியதாயினும், அதுவும் சூத்திர யாப்பிலேயே அமைந்தது. முனிவரோ யாப்பைக் கைவிட்டுச் சொற்களை வரிசையாக நிறுத்தினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதியுடைமையின் நூல் சதுரகராதி எனப் பெயர்பெற்றது.

நான்காவதாகிய தொடையகராதியே ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது. முதலெழுத்து அளவொத்து நிற்ப, இரண்டாமெழுத்து ஒன்றிவருதல் எதுகை. செய்யுள் செய்வோன் எதுகைக்குச் சொல் தேடி இடர்ப்படாதவாறு, சொற்களை அம்முறையில் தொகுத்தளிப்பது அப்பகுதி. எம்மூராகிய ஆனையிறவின் பெயரையே பிரித்துப் பார்ப்போம். ஆனை என்பதற்குத் தானை, சேனை, பானை என்பனவும், இறவு என்பதற்கு உறவு, துறவு, நறவு, புறவு என்பனவும் இனமாய் வந்து நிற்கும். முதலெழுத்தை மட்டும் நோக்கும் அகராதியில் இவை ஒன்றையொன்று காணா. மண்டல புருடரும் சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியை எதுகை வரிசையிலேயே அமைத்தார். ஆதலின் இந்நெறி முனிவர் புதிதாகக் கண்டதன்று. பாட்டை நெட்டுருப் பண்ணாதவனும் ஏட்டைப் புரட்டி வேண்டிய சொல்லை எடுக்குமாறு செய்ததே அவர்தம் பங்கு.

தொன்னூல் விளக்கம், பரமார்த்த குரு கதை முதலிய பிறவற்றை நேயர் அறிவர். முனிவர் 1747ஆம் ஆண்டு மலையாள நாட்டு அம்பலக்காட்டில் மறைந்தார். சதுரகராதி 1824இல் சென்னையில் அச்சுருப் பெற்றபோது, அவர் மறைந்து 77 ஆண்டுகள் கழிந்திருந்தன.